யாரும் நடாத வயல்

நடவு வரிசையில் மனாங் தித்தாவின் இடம் எப்போதும் இடது ஓரம். மற்றப் பெண்கள் அவரைப் பார்த்துத்தான் குனிவார்கள், அவரைப் பார்த்துத்தான் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைப்பார்கள். நடவு ஆட்களுக்குத் தலைவி என்றால் பெரிய சலுகை ஒன்றும் கிடையாது. நிலக்காரரிடம் பேசி வேலை பிடிக்க வேண்டும், யாருக்கு உடம்பு முடியவில்லை என்று பார்த்து ஆள் மாற்ற வேண்டும், வரிசை கோணினால் எல்லோருடைய வசவையும் வாங்கிக்கொள்ள வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அவர் இதைச் செய்தார். மனாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா. முழுப்பெயர் ரெஸ்தித்தூதா. அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் பாதிரியார் மட்டும்தான், அதுவும் ஞானஸ்நானத்தன்றும் கல்யாணத்தன்றும்.

இலோய்லோ மாகாணத்தில் ஜாலாவுர் ஆற்று வாய்க்கால் எங்கள் ஊருக்கு வந்ததும் மூன்றாகப் பிரிகிறது. நடுக்கிளை பாயும் நிலம் முழுவதும் மனோங் ஒஸ்முந்தோவுடையது, மனோங் என்றால் அண்ணன். அந்த வரப்பு முடியும் இடத்தில் தித்தாவின் வீடு, அதற்கு அடுத்தது நாங்கள் குடியிருக்கும் வீடு. வேலியோரம் துணி காயப்போடும்போதும் கோழியைத் தேடும்போதும் அவர் சொன்னதும், ஊர் சொன்னதும், நான் பார்த்ததும்தான் இது. எங்காவது பிசகியிருந்தால் அது என் காதின் பிசகாகத்தான் இருக்கும்.

அவருடைய கணவர் ஒரு வருடம் நீக்ரோஸ் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவர், திரும்பி வரவே இல்லை. செத்துவிட்டார் என்று ஒரு கட்சி, பாகோலோடில் இன்னொரு குடும்பம் என்று இன்னொரு கட்சி. "செத்ததாவே வச்சுக்குவோம், எனக்கு மரியாதையா இருக்கும்" என்று தித்தாவே சொல்லிச் சிரிப்பார். மகள் இலோய்லோ நகரத்தில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். மகனுக்கு ஒஸ்முந்தோதான் ஞானத்தகப்பன். அந்த உறவால் அவர் தித்தாவை மாரே என்பார், தித்தா அவரைப் பாரே என்பார். நிலக்காரருக்கும் நடவுக்காரிக்கும் நடுவில் அந்தச் சொல் ஒரு நாற்காலி மாதிரி கிடந்தது. இரண்டு பேரும் அதில் உட்கார்ந்து பேச முடிந்தது.

நடவுக்குக் கூலி கொஞ்சம்தான். களை எடுக்கக் கூலியே இல்லை. ஆனால் நட்டு, களை எடுத்துக் கொடுத்த வயலை அறுக்கும் உரிமை நட்டவர்களுடையது. வேறு யாரும் அதில் அரிவாள் வைக்கக் கூடாது. ஆறு மூட்டை அறுத்தால் ஒரு மூட்டை அவர்களுக்கு. சாகோத் என்று அதற்குப் பெயர். எந்தக் காகிதத்திலும் அது கிடையாது. தித்தாவின் ஆட்கள் பன்னிரண்டு பேரும் வருடம் முழுக்கச் சோறு தின்றது அந்த ஆறில் ஒன்றில்தான்.

அறுவடை இயந்திரம் பக்கத்து ஊர்களுக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. இயந்திரக்காரர் ஒஸ்முந்தோவிடமும் வந்து கேட்டுப் பார்த்தார். "நட்டவங்க இருக்காங்களேப்பா. அவங்க வயித்து மேல மெஷினை ஓட்டவா?" என்று அனுப்பிவிட்டார் ஒஸ்முந்தோ. ஊரில் அது நல்ல பேச்சாகச் சுற்றியது.

ஆனால் அவருக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. நாற்றங்கால் போட்டு, காவல் காத்து, வாய்க்கால் முறைக்காகக் காத்திருந்து, நடவு பிந்தி, இரண்டாம் பட்டம் புயலில் மாட்டிக்கொள்வது இரண்டு முறை நடந்துவிட்டது. முளைகட்டிய விதையை நேராகச் சேற்றில் வீசிவிட்டால் பத்து நாள் முன்னாலேயே அறுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். விளைச்சல் குறையுமா குறையாதா என்பதுதான் அவருக்குச் சந்தேகம். ஊராட்சி விவசாயப் பிரிவின் டெக்னீசியன் ஜோவென் ஒரு யோசனை சொன்னான். மூன்று ரகம். ஒவ்வொன்றிலும் ஒரு பாத்தி நடவு, ஒரு பாத்தி நேரடி விதைப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

ரகங்களுக்குக் காகிதத்தில் எண்தான். ஊர் வைத்த பெயர் வேறு. கன்னியாஸ்திரி மடத்து நிலத்திலிருந்து வந்தது சிஸ்டர். ஜீப்னி ஓட்டுகிற ஒருவன் எங்கிருந்தோ ஒரு சாக்கில் கொண்டுவந்து பரப்பியது டிரைவர். மூன்று மாதத்தில் தலை சாய்வது மூணுமாசம்.

ஜோவென் வரப்பில் நின்று பெண்களுக்கு விளக்கினான். தித்தாவின் நாத்தனார் பாசித்தா கேட்டாள்:

"வீசுறது ஜெயிச்சுதுன்னா நாங்க எங்க போய் விழறது தம்பி?"

"இது போட்டி இல்ல மனாங். சும்மா ஒப்பிட்டுப் பாக்குறோம்."

"சேவல்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவாங்க, குழம்பு கொதிக்கிற வரைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோவெனும் சிரித்தான். ஒஸ்முந்தோ மட்டும் சிரிக்கவில்லை.

"மாரே, முன்னாடியே சொல்லிடறேன். பின்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. வீசினது நட்டதுக்குச் சமமா வந்தாலே எனக்குப் போதும். எந்த ரகம் அப்படி வருதோ, அடுத்த பட்டத்துல மொத்த நிலமும் அதை வீசிடுவேன்."

"யாரும் நடாத வயலை யாரு அறுப்பா பாரே?"

அவர் வாய்க்காலைப் பார்த்தார். "மெஷின்தான்."

அன்றிலிருந்து அந்த ஆறு பாத்திகளும் பன்னிரண்டு வீட்டின் அடுப்பு ஆகிவிட்டன.

விதைப்பும் நாற்றங்காலும் ஒரே நாளில் நடந்தன. ஒரு பக்கம் ஒஸ்முந்தோ கூடையை இடுப்பில் வைத்து முளைவிதையை வீசினார். இன்னொரு பக்கம் தித்தா அதே விதையை நாற்றங்காலில் தூவினார். மூன்று வாரம் கழித்துப் பெண்கள் வரிசையாக இறங்கி நட்டார்கள். தித்தா அவ்வளவு கவனமாக நட்டு யாரும் பார்த்ததில்லையாம். "பிஷப் வர்றாரா என்ன? இடுப்பு ஒடியுது, கொஞ்சம் வேகமாப் போயேன்" என்று பாசித்தா முனகிக்கொண்டே வந்தாள். "பிஷப் வந்தா இவ்வளவு கஷ்டப்பட மாட்டேன்" என்றார் தித்தா.

நட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் பாடு நிரப்ப வேண்டும். செத்துப்போன நாற்றுகளின் இடத்தில் புது நாற்று வைத்துக்கொண்டே வயல் முழுவதும் ஒரு நடை நடப்பது. அதற்கும் கூலி இல்லை, அது நட்டவர்களின் கடமை. அன்றைக்குப் பாசித்தாவுக்குக் காய்ச்சல், மற்றவர்கள் வேறு வயலில். தித்தா தனியாகத்தான் போனார். தலையில் அலுமினியத் தட்டு, தட்டில் மிச்சமிருந்த நாற்று முடிகள்.

நடவுப் பாத்திகளில் அதிகம் வேலை இல்லை. கடைசியாக டிரைவர் பாத்தி. அதற்கு அடுத்து, ஒரு சின்ன வரப்புக்கு அந்தப்பக்கம், டிரைவரை வீசிய பாத்தி. ஆறு பாத்திகளிலும் பள்ளமானது அது. மழைத்தண்ணீர் தேங்கி நத்தை இறங்கியிருந்தது. நட்ட நாற்று முற்றியது, நத்தை கடித்தாலும் தாங்கும். சேற்றிலேயே முளைத்த குருத்து அதற்கு வெண்ணெய் மாதிரி. பாத்தியில் பாய் பாயாகப் பொட்டல் விழுந்திருந்தது. வரப்போரத்துக் குச்சியில் நத்தையின் முட்டை ரோஜா நிறத்தில் ஒட்டியிருந்தது.

தித்தாவின் தட்டில் இன்னும் நாற்று இருந்தது. அதே ரகம், அதே நாள் விதை. அவர் வரப்பைத் தாண்டி இறங்கினார். பொட்டல்களில் எல்லாம் வைத்துக்கொண்டே போனார். தட்டு காலியானதும் கரையேறிக் கை கழுவிவிட்டு வீட்டுக்கு வந்து, கருவாடு சுட்டுச் சாப்பிட்டார். அவர் மனதில் அது ஒரு செய்தியாகவே நிற்கவில்லை.

ஏன் செய்தீர்கள் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். எங்கள் வேலியருகே நின்று எனக்கும் அதையேதான் சொன்னார்: "அந்தப் பொட்டலை அப்படியே விட்டா குதிரைவாலிப் புல் ஏறும். அதோட விதை தண்ணியில மிதந்து எங்க பாத்திக்குத்தானே வரும். களை எடுக்கிறது யாரு? நாங்கதானே, அதுவும் சும்மா." பிறகு, "கையில நாற்று மிச்சம் இருந்துச்சு" என்றார். இரண்டாவது காரணம்தான் உண்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பொட்டலைத் தாண்டிப் போக அந்தக் கால்களுக்குத் தெரியாது.

பயிர் வளர வளர ஊருக்கு நல்ல காலட்சேபம் ஆயிற்று. வீசிய சிஸ்டர் ஆளுயரம் வளர்ந்து, வேர் மேலாக இருந்ததால் ஒரு காற்றுக்கே படுத்துவிட்டது. பாசித்தா வரப்பில் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். "பாவம் சிஸ்டர், முட்டி போட்டு ஜெபம் பண்ணுது." வீசிய மூணுமாசம் எல்லாவற்றுக்கும் முன்னால் பால் பிடித்து, சுற்று வட்டாரத்துச் சிட்டுக்குருவிக்கெல்லாம் விருந்தானது. பெண்களின் மனப்பாரம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒஸ்முந்தோவைப் பார்த்தால் பாசித்தா, "மனோங், மெஷினுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள்.

மீதி டிரைவர். பள்ளத்தில் நத்தை தின்ற பாத்தி, அது என்ன தந்துவிடப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதால் நடவும் பழுக்கும்வரை காத்திருந்து, எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் அளந்தார்கள். ஜோவென் அளவெடுக்கிற சதுர மரச் சட்டத்தை ஒவ்வொரு பாத்தியிலும் மூன்று இடத்தில் வைத்தான். அவன் கூட்டி வந்த ஆட்கள் சட்டத்துக்குள் இருந்ததை அறுத்து, அடித்து, தூற்றி, தராசில் வைத்தார்கள். சிஸ்டரில் நடவு வென்றது. மூணுமாசத்தில் நடவு வென்றது. டிரைவரில் இரண்டும் சமமாக நின்றன. ஜோவென் மறுபடி நிறுத்தான். மறுபடியும் சமம். சொல்லப்போனால் வீசியது ஒரு கைப்பிடி கூடுதல்.

ஒஸ்முந்தோ அறுத்த நெல்தாளைக் காலால் மிதித்துப் பார்த்தார். பிறகு தித்தாவைப் பார்த்து, "சொன்னேனே மாரே" என்றார். குரலில் வெற்றி இல்லை. அதற்காக இரக்கமும் இல்லை.

எல்லோரும் கலைந்த பிறகு தித்தா அந்தப் பாத்தியில் இறங்கி நின்றார். சட்டம் வைத்து அறுத்த இடத்தில் தாள் மட்டும் இருந்தது. வீசி முளைத்த பயிரின் தாள் ஒற்றை ஒற்றையாக, ஒழுங்கில்லாமல், நெருக்கி நிற்கும். அங்கே அப்படி இல்லை. கொத்துக் கொத்தாக நின்றது. ஒவ்வொரு கொத்தும் சுற்றிலும் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் அகலமாகத் தூர் கட்டியிருந்தது. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவே ஒரு சாண். அந்தச் சாண் யாருடைய கைச்சாண் என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டாவது சட்டம் வைத்த இடத்துக்குப் போனார். அங்கேயும் அதே. மேலே பார்க்கும்போது செழிப்பாகத் தெரிந்த இடத்தில்தான் பையன் சட்டத்தை வைத்திருக்கிறான். செழிப்பெல்லாம் அவர் நட்ட கொத்து, நடவுக்காரிகள் பேச்சில் குத்து.

ஒரு வாரம் அவர் கோழிக்குத் தீனி போடக்கூட மறந்தார். சொன்னால் தன் ஆட்கள் தன்னை என்ன சொல்வார்கள் என்பது ஒரு பயம். சொல்லாவிட்டால் மொத்த நிலமும் போய்விடும். உண்மையைச் சொன்னால் அந்த எடை செல்லாது, ஒஸ்முந்தோ மனதை மாற்றிக்கொள்வார் என்று அவர் கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்ட பாவாடையோடு நேராக ஒஸ்முந்தோ வீட்டுக்குப் போனார். ஒஸ்முந்தோவின் மனைவி காபி வைத்தாள். காபி ஆறியது.

"பாரே, அந்த டிரைவர் பாத்தி சுத்தமான விதைப்பு இல்ல. நத்தை தின்ன இடத்துல எல்லாம் நான் நாற்று வச்சேன்."

ஒஸ்முந்தோ ரொட்டியைக் காபியில் முக்கியபடி நிறுத்தினார். "எப்போ?"

"பாடு நிரப்பின அன்னிக்கு."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல."

"எத்தனை பேரு வச்சீங்க?"

"நான் ஒருத்திதான்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

அந்தக் கேள்வி எதற்கு என்று தித்தாவுக்கு அப்போது புரியவில்லை. "அதென்ன, வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றார்.

ஒஸ்முந்தோ அலைபேசியில் ஜோவெனைக் கூப்பிட்டார். அப்படியென்றால் இந்த ஒப்பீட்டை வைத்து முடிவு எடுக்க முடியாது, அடுத்த பட்டத்தில் திரும்பவும் பார்க்க வேண்டும் என்று ஜோவென் சொன்னான். தித்தாவுக்கே அது கேட்டது. நெஞ்சு லேசானது. ஒஸ்முந்தோ போனை மேசையில் வைத்துவிட்டு, ஊறி உடைந்த ரொட்டியைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்.

"பையனுக்கு வேணா இன்னொரு தரம் பாக்கணும். எனக்குத் தேவையில்ல மாரே. வீசிட்டு, நத்தை தின்ன இடத்துல ஒரு ஆள் போய் நாற்று வச்சா நடவுக்குச் சமமா வருது. ஒரே ஆள், வெயில் ஏறுறதுக்குள்ள. இதை முன்னாடியே தெரிஞ்சிருந்தா எத்தனை வருஷம் நாற்றங்காலைக் கட்டிக்கிட்டு அழுதிருக்க வேண்டாம்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உனக்கு அந்த வேலை எப்பவும் உண்டு. வேற யாரையும் கூப்பிட மாட்டேன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் தித்தாவுக்குத் தாங்கவில்லை.

செய்தி அவருக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. குழாயடியில் பாசித்தா குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"நம்ம கழுத்தை அறுக்கிற கத்திக்கு நீயே சாணை பிடிச்சியா?"

"பொட்டலா கிடந்துச்சு பாசித்தா."

"கிடந்தா கிடக்கட்டும். உன் அப்பன் வீட்டுப் பொட்டலா? நத்தை நமக்காகப் பாடுபட்டுச்சு. நீ அதையும் கெடுத்த. நத்தைக்கு இருக்கிற அறிவு நம்ம தலைவிக்கு இல்ல."

பக்கத்தில் நின்ற பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள், பழக்க தோஷத்தில். பாசித்தா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு நடவு ஆட்களில் ஒருவரும் தித்தாவின் வாசல்படி ஏறவில்லை.

அடுத்த பட்டத்தில் ஒஸ்முந்தோ நிலம் முழுவதும் டிரைவரை வீசினார். விதை விழுந்த மறுவாரமே மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் வழிந்தது. நத்தைக்கு அது திருவிழா. ஐந்தில் ஒரு பங்கு நிலம் பொட்டலாகிவிட்டது என்று ஊர் பேசியது. ஒஸ்முந்தோ தித்தாவைத் தேடி வந்தார்.

"எவ்வளவு கூலி கேக்குற, சொல்லு."

தித்தா பதில் தயாராக வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அந்த மழை நாட்களில் அவர் வாசலில் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"கூலி வேணாம் பாரே. ஒரு குத்து வச்சாலும் நடவு நடவுதான். நாங்க வைக்கிற குத்தை நாங்கதான் அறுப்போம்."

"எல்லாத்தையும் நீயே அறுத்துக்க" என்றார் ஒஸ்முந்தோ, சிரித்துக்கொண்டு. அவருக்கு அது சின்ன விஷயம். "ஆறுல ஒண்ணுங்கிற கணக்கே வேணாம். வைக்கிற குத்து முழுசும் உங்களுக்குத்தான், போ."

அன்றைக்கு மாலையே தித்தா வீடு வீடாகப் போனார். கதவைத் திறக்காத வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார். பாசித்தா வீட்டில் கதவு திறந்திருந்தது, ஆனால் அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஐந்துல ஒரு பங்கு பொட்டல் பாசித்தா. அவ்வளவும் நமக்கு. சாகோத்தை விட இது மேல. நாம நிரப்பிட்டா, யாரும் நடாத வயல்னு அவர் இனிமே சொல்ல முடியாது."

"நாத்துக்கு எங்க போறது? இந்தத் தடவை நாத்தங்காலே கிடையாதே."

"என் கொல்லையில விதை போட்டுட்டேன். முளை விட்டாச்சு."

பாசித்தா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள். "வர்றேன். உனக்காக இல்ல" என்றாள்.

பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். கொல்லை நாற்று நடும் பதம் வரும்வரை காத்திருந்து இறங்கினார்கள். நடவில் பின்னால் போவார்கள், வரிசை இருக்கும், ஒருத்தி சொல்கிற கதை பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கும். இது வேறு மாதிரி. ஆளுக்கொரு திசையில் முன்னால் நடந்து பொட்டலைத் தேட வேண்டும். முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் பாசித்தா வயலின் அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்: "தித்தா, இங்க ஒரு நத்தை நன்றி சொல்லணுமாம்." ஒன்பது பேரும் ஆளுக்கொரு மூலையில் நிமிர்ந்து சிரித்தார்கள். தித்தா சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பட்டம் முழுக்க அவர்கள் களையும் எடுத்தார்கள், பழையபடி, சும்மா.

கதிர் வந்தது. வயல் மஞ்சளானது. ஆனால் ஒரே மஞ்சளாக இல்லை. அங்கங்கே பச்சைத் திட்டுகள் நின்றன. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் நிழல் விழுந்தது மாதிரி இருக்கும். போன பட்டத்தில் நாற்றும் விதையும் ஒரே நாளில் பிறந்தவை, அறுவடையும் நடவுக்காகக் காத்திருந்தது. இந்த முறை நாற்று கொல்லையில் மூன்று வாரம் பிந்திப் பிறந்தது. பிடுங்கி நட்ட அதிர்ச்சியில் இன்னும் சில நாள் பிந்தியது. தித்தா தினமும் காலையில் வரப்பில் நடந்து பச்சையைப் பார்த்துவிட்டு வருவார். நான் கேட்டால், "பழுத்துடும், பழுத்துடும்" என்பார்.

இயந்திரம் சொன்ன நாளில் வந்துவிட்டது. லாரியிலிருந்து இறங்கி வரப்பை இடித்துக்கொண்டு ஓரமாக நின்றது. ஒன்பது பெண்களும் அரிவாளோடு வந்திருந்தார்கள். ஒஸ்முந்தோ சொன்ன சொல்லை மறக்கவில்லை. இயந்திரக்காரருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்: "பச்சையா நிக்கிற குத்தெல்லாம் இவங்களுது. இவங்க அறுத்து முடிச்ச பிறகு நீ இறங்கு."

தித்தா பக்கத்திலிருந்த திட்டில் ஒரு கதிரைப் பிடித்து, ஒரு மணியை நகத்தால் நசுக்கினார். வெள்ளையாகப் பால் வந்தது. இன்னொன்று. அதிலும் பால்.

"பாரே, ஒரு பதினஞ்சு நாள் விடுங்க."

இயந்திரக்காரர் குறுக்கிட்டார். "இன்னிக்கு விட்டா நான் திரும்ப வர்றது அடுத்த மாசம்தான் மனாங். வரிசையா ஊர் நிக்குது."

"புயல் வருதுன்னு ரேடியோல சொல்லிட்டான்" என்றார் ஒஸ்முந்தோ. ஒரு மஞ்சள் கதிரைத் தட்டினார். மணி பொலபொலவென்று சேற்றில் உதிர்ந்தது. "பழுத்தது உதிருது பாரு. பச்சைக்காகப் பழுத்ததைக் காக்க வைக்கச் சொல்றியா மாரே? நீயே சொல்லு. நீ சொன்னா நான் கேக்குறேன்."

எல்லோரும் தித்தாவைப் பார்த்தார்கள். அவர் உதிர்ந்த மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரக்காரர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துப் பாதிவரை குடித்தார்.

"ஓட்டச் சொல்லுங்க" என்றார் தித்தா.

இயந்திரம் தூரத்து மூலையிலிருந்து ஆரம்பித்தது. அது இந்தப் பக்கம் வருவதற்குள் பெண்கள் உள்ளே இறங்கிப் பச்சைக் கதிர்களை அரிந்தார்கள். ஏன் அரிகிறோம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. பச்சை அவல் இடிக்கவாவது ஆகுமா என்று ஒருத்தி பல்லில் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள். அதற்கும் நாள் போதாது. இயந்திரம் நெருங்கியதும் கரையேறினார்கள். மீதிப் பச்சையெல்லாம் அதன் வாயில் போய், பின்பக்கம் வைக்கோலோடு வைக்கோலாக ஈரமாக விழுந்தது. தித்தா கீழே இறங்கவே இல்லை. அரிவாள் இடுப்பில் செருகியபடியே இருந்தது.

பாசித்தா வரப்பில் உட்கார்ந்து, அரிந்து வந்த கதிரையெல்லாம் குவித்து, அறுவடை நாளில் பங்கு பிரிப்பது போலவே கூறு போட்டாள். ஒவ்வொருத்தியாக வந்து தன் கூறை மடியில் கட்டிக்கொண்டு போனார்கள். மறுமாதமே அவர்களில் பாதிப் பேர் நகரத்துக்குத் துணி துவைக்கவும் பிள்ளை பார்க்கவும் போய்விட்டார்கள், பாசித்தாவும்தான். அன்றைக்கு யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் தெரிந்தது போலத்தான் போனார்கள், ஒருவரும் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாமல்.

கடைசியில் ஒரு கூறு மிச்சம் இருந்தது. மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியது, தலைவிக்கு வழக்கமாகச் சேர்த்துப் போடும் ஒரு கைப்பிடியோடு.

"எடுத்துக்க" என்றாள் பாசித்தா.

"இது எதுக்கு ஆகும்?"

"எதுக்கும் ஆவாது. ஆனா உன் பங்கு. தூக்கு."

தித்தா குனிந்து பாவாடையை விரித்து அதை அள்ளிக்கொண்டார். கதிர்கள் பாலோடு கனத்தன. வீடு வரைக்கும் ஒரு கையால் முடிச்சைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வழுக்காத இடம் பார்த்துக் கால் வைத்து நடந்து போனார்.